இருபத்தைந்தாவது தகவல்

வெள்ளிவிழா மலருக்கு
பலரும் அறியாத தகவல் இருபத்தைந்து வேண்டும் என்றார்
துணைப் பதிவாளர் முனிரத்தினம்.
பல்கலைக்கழகம் பற்றி, படித்துப் போனவர்கள் பற்றி.
வியாழக்கிழமைக்குள்.
தேர்வுப் பிரிவில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவள்
நான்தானாம்.

ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால்
வளாகத்தின் பாதி தமிழ்நாட்டில் வரும்,
மீதி நாகலாபுரம் மண்டலத்தில்.
எல்லைக்கல் இருப்பது
கேன்டீன் கைகழுவும் தொட்டிக்கு அடியில்.
சாப்பிடுவது இங்கே, வாய் கொப்பளிப்பது ஆந்திராவில்.
நூலகத்து வடக்கு ஜன்னலோரம் நின்றால்
செல்போன் தெலுங்கில் வணக்கம் சொல்லும்.
எந்தப் பக்கத்துத் தலைவர் செத்தாலும்
எங்களுக்கு லீவு.

முதல் மூன்றை வைத்துக்கொண்டார்,
நான்காவதை அடித்தார்.

அடிபட்டவை இன்னும் உண்டு.
நிறுவனர் சிலையின் வெண்கலப் பேனா
மூன்று முறை களவுபோனது,
மூன்றும் கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு.
சுருட்டப்பள்ளியில் விஷம் குடித்துப் படுத்திருக்கும் சிவனுக்கு
அரியர் பையன்கள் வைத்த பெயர்
சீனியர்.
விளம்பரத்தில் மைக்ராஸ்கோப்போடு சிரிக்கும் பெண்
இங்கே படித்தவளே இல்லை,
பிச்சாட்டூர் துணிக்கடைக்காரர் மகள்.
மைக்ராஸ்கோப்பும் வாடகை.

என் அறையில் ஓர் இரும்பு அலமாரி.
அந்துருண்டை வாசத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டங்கள்,
கட்டணப் பாக்கியால் கைக்குப் போகாதவை.
ஸ்டட்கார்ட்டிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஒருத்தி
வருடத்துக்கு ஒருவரின் பாக்கியைக் கட்டுகிறாள்.
யாருடையது என்று கேட்பதில்லை,
தன் பெயரைச் சொல்லவும் விடுவதில்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அலமாரி காலியாக இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு வருடம்.
இதையும் எழுதிக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார்,
மாட்டிக்கொண்டு அடித்தார்.

எப்படியோ இருபத்துநான்கு தேறியது.

புதன்கிழமை
தண்ணீர் கேன் ரசீது ஒன்று தவறி என் மேஜைக்கு வந்தது.
கையெழுத்து ஒத்துப்பார்ப்பதுதானே என் பிழைப்பு.
தெலுங்கு எழுத்தின் தலையில் ஒரு சுழி,
கடைசியில் மீன்வாலாய்ப் பிளக்கும் கோடு.
எங்கோ பார்த்தது.
அலமாரியைத் திறந்தேன்.
சி. கோனேட்டையா, மெக்கானிக்கல், 2011,
பாக்கி நாற்பத்திரண்டாயிரம்.

மறுநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேவிட்டேன்.
தோளில் இருந்த கேனை இறக்காமலே சொன்னார்:
"தெரியும் மேடம்.
காலேஜ் எனக்குத் தர வேண்டியது அறுபத்தோராயிரம்,
மூணு வருஷத் தண்ணி பாக்கி.
அதுல கழிச்சுக்குங்கன்னேன்.
கட்டணப் பிரிவு ஆந்திராவுல இருக்காம்,
கொள்முதல் தமிழ்நாட்டுல இருக்காம்.
அந்தக் கணக்கை இந்தக் கணக்குல கழிக்க
ரூல் இல்லையாம்."
சிரித்தார்.
பதிலுக்கு நான் சிரிப்பதா என்று முடிவு செய்வதற்குள்
அடுத்த மாடிக்கு ஏறிவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன்:
நம் முன்னாள் மாணவர் ஒருவர்
படிப்பு முடிந்தும் வளாகத்தை மறக்காமல்
தினமும் காலை ஏழு மணிக்கு வருகிறார்.
ஒரு மாடி விடாமல் ஏறிப் பார்க்கிறார்.
அவர் வராத நாளில்
இங்கே யாருக்கும் தொண்டை நனைவதில்லை.

முனிரத்தினம் இரண்டு முறை படித்தார்.
நெகிழ்ந்துபோனது குரலில் தெரிந்தது.
"இதுதாம்மா வேணும். முதல் பக்கத்தில் போடுவோம்.
போட்டோ கிடைக்குமா?"

கிடைக்கும் சார் என்றேன்.
ஹால் டிக்கெட்டில் ஒட்டியது இருக்கிறது.
அரும்பு மீசை,
மேல் பட்டன் வரை போட்ட சட்டை,
முகத்தில் பாதிக்குமேல்
நம் முத்திரை.